எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எது சொந்த சைனிக் பள்ளி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவத்தில் அதிகாரியாகச் சேரும் தமிழ் இளைஞர்கள் குறைவு என்று தங்கள் நாளிதழில் சமீபத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆங்கிலப் பயம், பிள்ளையைப் பிரிய மனம் வராத பெற்றோர், இன்ஜினியரிங் மோகம் என்று காரணங்களை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். எல்லாம் சரிதான். ஆனால் அவர் உடுமலைப்பேட்டையோடு நின்றுவிட்டார். அங்கிருந்து பஸ் ஏறி, சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் மறையூர், காந்தளூர், கோவில்கடவு என்று தமிழ் பேசும் ஊர்கள் கிடக்கின்றன. இங்குள்ள பிள்ளைகளுக்கு இந்தக் காரணங்களோடு இன்னொன்றும் உண்டு: பிள்ளைகளை ராணுவ அதிகாரியாகத் தயார் செய்யும் சைனிக் பள்ளியில் இடம் கொடுக்கும் மாநிலக் கணக்கு. அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் மதராஸ் ரெஜிமென்டில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். இப்போது கோவில்கடவில் கொஞ்சம் கரும்பு, ஒரு ஆலைக்கொட்டகையில் பங்கு, அவ்வளவுதான். பணியின் கடைசிப் பகுதியில் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் டிரில் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதாக இருந்தேன். 1963-இல் தொடங்கிய இடம் அது. 1992 முதல் பெண்களுக்கும் அங்கே பயிற்சி. அங்குள்ள பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயரில் நான் கத்திய கத்தில் என் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

உஸ்தாத் வேலை ஒரு விசித்திரமான வேலை. காலையில் கேடட் பையனின் முழங்கை மடங்கினால் அவனை வெயிலில் உருளவிடுவோம், ஓடவிடுவோம். அதற்கு அங்கே 'ரகடா' என்று பெயர். ஆனால் திட்டும்போதும் முடிவில் 'சாப்' சேர்த்துத்தான் திட்ட வேண்டும். ஏனென்றால் பயிற்சி முடிந்து அவன் அதிகாரியாகிவிட்டால் சல்யூட் அடிக்கப் போவது நாங்கள். பாஸிங் அவுட் பரேடு முடிந்ததும் பெற்றோர் வந்து பிள்ளையின் தோளில் ஆளுக்கொரு பக்கம் நட்சத்திரம் அணிவிப்பார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஹரியானாவிலிருந்தும் உத்தராகண்டிலிருந்தும் வரும் அப்பாக்களில் பலர் என்னைப் போல ஹவில்தாராகவோ சுபேதாராகவோ இருந்தவர்கள். அந்த ஆள் பழைய கோட்டின் மேல் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து, மகனுக்கு நட்சத்திரம் அணிவித்துவிட்டு, ஓரடி பின்னால் போய் விறைப்பாக நின்று தன் மகனுக்கே சல்யூட் அடிப்பார். பையனுக்குக் கை எழும்பாது. அவர் கண்ணாலேயே அதட்டுவார்.

ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் ஊர்ப் பட்டியலில் இடுக்கி மாவட்டம் என்று இருக்கிறதா என்று தேடுவேன். அப்படியே ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலும் தொடுபுழை, கட்டப்பனைப் பக்கத்துப் பையன்களாக இருப்பார்கள். எங்கள் மலையிலிருந்து சிப்பாயாகப் போனவர்கள் உண்டு, நானே ஒருவன். அதிகாரியாக யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹவில்தார் மகன் லெப்டினென்ட் ஆவது இந்த நாட்டில் அதிசயம் அல்ல என்றால், அதில் சைனிக் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1961-இல் கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திட்டம் அது. பையன்களை ஆறாம் வகுப்பிலேயே எடுத்து, படிப்பு, விளையாட்டு, இங்கிலீஷ் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்வது நோக்கம். இன்னொரு நோக்கமும் உண்டு: அதிகாரிகள் ஒரு சில பகுதிகளிலிருந்தும் ஒரு சில வர்க்கத்திலிருந்துமே வருகிறார்கள், அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்பது. இந்த இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

தமிழ்நாட்டின் சைனிக் பள்ளி உடுமலை தாலுகா அமராவதிநகரில் இருக்கிறது. கேரளத்தினுடையது திருவனந்தபுரத்துக்கு அருகே கழக்கூட்டத்தில். இரண்டும் 1962-இல் தொடங்கியவை. இவற்றில் 67 சதவீத இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, மீதி 33 சதவீதம் பிற மாநிலத்தவருக்கு. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஒதுக்கீடும், ராணுவத்தினர், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான பங்கும் இதற்குள் வரும்.

இப்போது எங்கள் ஊரை இந்தக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். மறையூரிலிருந்து அமராவதிநகர் நாற்பது கிலோமீட்டருக்குள். துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, மாட்டுத் தீவனத்துக்கு என்று நாங்கள் போய்வரும் அதே உடுமலை ரோடு, வழியில் இடப்பக்கமோ வலப்பக்கமோ யானை நின்றால் அரை மணி தாமதம். எங்கள் ஊர்ப் பாம்பாற்றுத் தண்ணீர் சின்னாற்றோடு சேர்ந்து நேராகப் போய் நிற்பதும் அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அமராவதி அணையில்தான். ஆனால் எங்கள் பிள்ளை கையில் இருப்பது கேரள இருப்பிடச் சான்று. அதனால் அமராவதிநகரில் அவன் 'பிற மாநிலம்'. அவனுடைய 'சொந்த' பள்ளி மூணாறு ஏறி, இறங்கி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளிக் கழக்கூட்டத்தில் இருக்கிறது.

கழக்கூட்டம் பள்ளி மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. அருமையான பள்ளி, அங்கே படித்து வந்த அதிகாரிகளின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் போகவேண்டியது பத்து வயதுப் பிள்ளை. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு மார்ச் 31 அன்று பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். லயத்து வீட்டில் இருக்கும் தோட்டத் தொழிலாளியோ, ஜீப் ஓட்டுகிறவரோ மகனைப் பார்க்கப் போய்வர இரண்டு நாள் கூலி போகும், பஸ் சார்ஜ் தனி. அமராவதிநகர் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுச்சோறோடு கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்பலாம். அதோடு, ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த குழந்தை அது. எப்படியும் இங்கிலீஷ் வழிக்கு மாறித்தான் ஆக வேண்டும், அது எங்கே போனாலும் உள்ளது. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவனிடம் தூக்கம் வராத ராத்திரியில் தன் பாஷையில் நாலு வார்த்தை பேச முடிவதும் முடியாததும் வேறு வேறு.

பெண் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூடுதல். 2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண்களைச் சேர்க்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்ட பிறகு கடக்வாஸ்லாவிலும் பெண்கள் சேர்ந்து, 17 பேர் கொண்ட முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. அந்த பரேடை டிவியில் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு பெண், ஐந்தாம் வகுப்பு, "தாத்தா, எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்று வந்து நின்றாள். அவள் அம்மாவிடம் பேசினேன். அமராவதி என்றதும் முகம் மலர்ந்தது. கழக்கூட்டம் என்றதும், "அவ்வளவு தூரம் எதுக்குண்ணா, இங்கயே படிக்கட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'33 சதவீதம் இருக்கிறதே, போட்டி போட வேண்டியதுதானே' என்பார்கள். போடலாம். ஆனால் அந்த 33-இல் எதிரே நிற்பது நாடு முழுவதிலுமிருந்து வருகிற பிள்ளைகள். நாலாம் வகுப்பிலிருந்தே இதற்கென்று கோச்சிங் போகும் ஊர்களிலிருந்தும் வருவார்கள். இங்கே கோச்சிங் என்றால் நான்தான்.

'தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் இடத்தைக் கேரளத்துக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாயா' என்று இன்னொரு கேள்வி வரும். இல்லை. வரைபடத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் பாருங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறைப் பிள்ளைகளுக்குக் கழக்கூட்டம் கூப்பிடு தூரம். அங்கே மலையாளம் பேசும் குடும்பங்களும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கணக்கில் அவர்களுக்குச் சொந்தப் பள்ளி அமராவதிநகர், மாநிலத்தின் மறுகோடி. எங்கள் பிள்ளை கழக்கூட்டம் போக அவர்கள் ஊரைத் தாண்டாத குறை, அவர்கள் பிள்ளை அமராவதிநகர் வர எங்கள் மலையைச் சுற்றாத குறை. இரண்டு மாநிலமும் ஒரு கொடுத்து வாங்கல் செய்துகொண்டால் யாருக்கும் ஒரு இடமும் நட்டமில்லை. எல்லைத் தாலுகாவில் குடியிருக்கும் மொழிச் சிறுபான்மைப் பிள்ளை, விண்ணப்பிக்கும்போதே 'சொந்த மாநிலப் பள்ளி' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றதில் உரிமை கிடையாது, அவ்வளவுதான்.

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது எங்கள் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அது முடிந்த கதை, அதைக் கிளற நான் இதை எழுதவில்லை. எங்களுக்கு ரேஷனும் ரோடும் ஆஸ்பத்திரியும் இந்த அரசு தருகிறது, நன்றாகவே தருகிறது. ஆனால் இந்திய ராணுவத்துக்கு அதிகாரி எடுக்கும் பள்ளிக்கு மாநில எல்லை எதற்கு இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. கடக்வாஸ்லா நுழைவுத் தேர்வில் மாநில ஒதுக்கீடே கிடையாது. அங்கே போகப் படி ஏறும் இடத்தில் மட்டும் கோடு.

விதி மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எங்கள் மக்களுக்குத் தெரியாத சில விஷயங்களைத் தங்கள் நாளிதழ் மலைப்பகுதிப் பதிப்பில் போட்டாலே பாதிக் கிணறு தாண்டியது போல. ஆறாம் வகுப்பு சைனிக் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வு இங்கிலீஷில் மட்டும், அதனால் தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பை விட்டால் கதவு பாதி மூடியது போலத்தான். அறிவிப்பும் வருடாவருடம் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஒரு வருடம் அக்டோபரில், ஒரு வருடம் நவம்பரில், ஒரு வருடம் டிசம்பர் கடைசியில் என்று மாறுகிறது. போன் சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க யாரால் முடியும்? அப்புறம் சுற்றுவட்டாரத்து முதுவர் குடிகளில் உள்ள பிள்ளைகளுக்கு எஸ்.டி. ஒதுக்கீடு 7.5 சதவீதம் உண்டு. மலை ஏறி இறங்கும் அந்தப் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் உஸ்தாத் விழித்துக்கொள்வான்.

சைனிக் பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போதே கடக்வாஸ்லா அகாடமிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. தேர்வானால் தங்குவது, சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் அரசு செலவு. 'லட்சக்கணக்கில் கட்ட வேண்டுமாமே' என்று என்னிடம் கேட்டவர்கள் அநேகம். உடுமலைக் கல்லூரியில் பி.ஏ. படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, பட்டதாரிகளை அதிகாரியாக எடுக்கும் சி.டி.எஸ். தேர்வு உண்டு. அதில் பரங்கிமலைக்கு மட்டும் என்று எழுதினால் கணக்குத் தாளே இல்லை, இங்கிலீஷும் பொது அறிவும்தான். பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. சிப்பாயாகச் சேர்ந்தவன்கூட டேராடூனில் இருக்கும் ஆர்மி கேடட் கல்லூரி வழியாக அதிகாரியாகலாம். என் படைப்பிரிவிலேயே அப்படிப் போன ஒருவர் பின்னால் எங்களுக்கே மேஜராகத் திரும்பி வந்தார்.

இந்த எழுத்துத் தேர்வுகளில் தேறியவர்களுக்கு நடக்கும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகத்தில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அறுபது சொற்களைப் பதினைந்து விநாடிக்கு ஒன்றாகக் காட்டி மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள், மங்கலான படம் காட்டிக் கதை கேட்பார்கள், குழுவாக உட்கார்ந்து விவாதிக்கச் சொல்வார்கள். அறிவில் குறை இல்லாத பையன் இங்கிலீஷில் வாய் திறக்கத் தயங்கி அங்கே ஓரமாக நிற்பான். அதைச் சரிசெய்ய பிளஸ் டூ முடிந்து மூன்று மாத கோச்சிங் உதவாது, பத்து வயதிலிருந்து பழக வேண்டும். அதற்காகத்தான் சுற்றிச் சுற்றி அமராவதிநகருக்கே வருகிறேன்.

எனவே ஆசிரியர் அவர்கள் இந்தக் கடிதத்தை வெளியிடுவதோடு, தேவிகுளம் எம்.எல்.ஏ.வுக்கும் இடுக்கி, பொள்ளாச்சி எம்.பி.க்களுக்கும் எட்டும்படி செய்தால் நன்றி. அடுத்த அறிவிப்பு வந்ததும் தேதியை, மூணாறு பஸ் நேரம் போடும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அதைப் பார்க்காத வீடு இங்கே இல்லை.

கடைசியாக வாசகர்களுக்கு ஒன்று. கோவில்கடவு வாசகசாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கிலீஷும் பொது அறிவும் எப்படியோ சமாளிக்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்புத் தேர்வின் 300 மதிப்பெண்ணில் 150 கணக்குக்கு. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் யாராவது மறையூர், காந்தளூர்ப் பக்கம் இருந்தால் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும். சம்பளம் தர முடியாது, வெல்லம் தரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
கோவில்கடவு, மறையூர் வழி,
இடுக்கி மாவட்டம்.