வீடு பார்க்க ஐப்பசியில் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுப் பணத்தில் மயிலாடுதுறை பக்கம் வீடு தேடுகிறேன். புரட்டாசியில் ஒன்று பிடித்துப்போனது. அட்வான்ஸ் கொடுக்குமுன், எதற்கும் இருக்கட்டும் என்று ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தேன். சில வருடம் முன்புவரை சம்பா நட்ட வயல்தானே! வாசலில் கணுக்கால் தண்ணீர். அலமாரியை நகர்த்தினால், சுவரில் முழ உயரத்துக்கு உப்புப் பூத்த கோடு.

அடுத்தது ஊருக்குள், மேட்டுத் தெரு. விலையும் குறைவு. ஏன் குறைவு என்று தரகர் சொல்லவில்லை, எதிர்வீட்டுப் பாட்டிதான் சொன்னார்: "அது கோயில் அடிமனை தம்பி." கட்டடம்தான் நமக்கு, மண் கோயிலுக்கு, தரை வாடகை கட்ட வேண்டும். நம் டெல்டாவின் கோயில் ஊர்களில் இது சகஜம். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்தால் போதாது. பட்டாவையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் பார்த்தால்தான் மண் யாருடையது என்று தெரியும்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என நூற்றுக்கு 9 ரூபாய் வாங்கும் அரசு, அடிமனை விவரத்தை வில்லங்கச் சான்றிலேயே அச்சிட்டுத் தரலாமே? அதுவரை எனக்கு வாடகை வீடுதான். மாதம் 6,500, தண்ணீர் ஏறினால் வீட்டுக்காரர் பாடு.

வாசகர் ஒருவர்,
மயிலாடுதுறை