வாங்கிக்கொண்டவர்களுக்கு முதல் நன்றி

பாளையங்கோட்டையில், ஒருவர் பயன்படுத்திய துணிமணியும் வீட்டுச் சாமானும் இன்னொருவர் கைக்குப் போகும் எங்கள் மாதச் சந்தைக்கு வந்துபோகும் எல்லாருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்தபின் வெளியூர்களிலிருந்து துணி மூட்டைகள் வந்து இறங்கின. நல்ல சேலைகளுக்கு நடுவே பட்டன் இல்லாத சட்டை, ஜிப் அறுந்த பேண்ட், ஒற்றைச் செருப்பு. சேறு அள்ளிக்கொண்டிருப்பவரிடம் அதை எப்படி நீட்டுவது? அன்று ராத்திரி முழுக்கத் தரம் பிரித்த ஏழெட்டுப் பேர்தான் பிறகு இந்தச் சந்தையைத் தொடங்கினோம்.

முதல் மாதம் எல்லாமே இலவசம் என்று எழுதி வைத்தோம். கொடுக்க ஆள் வந்தது, எடுக்க ஒருத்தர்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொன்னார்கள்: “சும்மா குடுத்தா யாரு வாங்குவா? பத்து ரூவா வையி. வெல குடுத்தேன்னு கவுரவமா கொண்டு போவாவ.” ஆச்சி, இன்றைக்கும் அந்தப் பத்து ரூபாயில்தான் சந்தை ஓடுகிறது.

அடுத்த மாதம் பிள்ளைக்கு யூனிஃபார்ம் தேடி வந்த ஓர் அக்கா, அத்தனை பேர் பார்க்க ஒரு சுங்குடிச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்து, “எனக்கு இது நல்லாருக்கு” என்று எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் மற்றவர்கள் கையும் நீண்டது. அடுத்தவர் உடுத்தியதை உடுத்துவது நம் ஊரில் லேசான காரியம் இல்லை. இறந்தவர் துணியாக இருக்குமோ என்ற பயம், சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற கூச்சம். அதையெல்லாம் தாண்டி வந்து வாங்கியவர்களால்தான் இது சந்தை ஆயிற்று. முதல் நன்றி உங்களுக்கே.

தெற்கு பஜார் தையல் அண்ணாச்சி, பட்டன் இல்லாத எதையும் மேஜை ஏற விடமாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே தைத்துக் கொடுப்பார், கூலி வாங்கியதில்லை. ஈயம் பூச வந்த பெரியவரால் பரணில் கிடந்த பித்தளைப் பானைகள் மறுபடி அடுப்பேறின. ஓரம் பிரிந்த பாய்க்குத் துணி வைத்துத் தைக்கக் கற்றுத்தந்தவர் பத்தமடை அக்கா. வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று 2017-இல் அன்புச் சுவர் அமைத்துக் காட்டிய மாவட்ட நிர்வாகத்துக்கும் நன்றி.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை இறங்கி அள்ளுகிற தம்பிகளை நினைக்காத மாதம் இல்லை. பாலியஸ்டர் மக்காது, பாறையிடுக்கில் அப்படியே கிடக்கும் என்பதை அவர்கள் எடுத்துவந்து காட்டியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாக ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது. அவ்வளவு தண்ணீர் குடித்த துணியை நாம் குடிக்கிற தாமிரபரணியிலேயே போடுவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. தம்பிகளா, நீங்கள் சொன்ன பிறகு எங்கள் தெருவில் மூன்று வீட்டார், தாத்தாவின் வேட்டிகளை ஆற்றுக்குக் கொண்டுபோகாமல் துவைத்து எங்களிடம் தந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தைய சந்தைக்கு வேலை ஆரம்பித்துவிட்டோம். அண்ணாச்சியின் பட்டன் டப்பா காலி. கிழிந்த சட்டையைக் கரித்துணி ஆக்கும்முன் பட்டன்களைக் கழற்றி எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
சந்தைக் குழுவினர், பாளையங்கோட்டை