டாக்டர் கிடைக்காத ஊர்

பாம்பன்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. வாடைக்காற்று தொடங்கிவிட்டதால் வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கிறது, மீன் விலை கேட்க முடியவில்லை.

போனில் நீ கேட்டதற்கு எழுதித்தான் பதில் சொல்ல முடியும். பேசினால் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள். விசா விலக்குக்காக நீ ஒத்துக்கொண்ட மூன்று வருஷம் முடியப் போகிறது. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்ற விதியைத் தள்ளுபடி செய்ய அமெரிக்கக்காரன் கேட்ட விலை, டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருஷ வேலை. ஒரு மாநிலத்துக்கு வருஷத்துக்கு 30 பேர் என்று நீ சொன்னபோதே, கெட்டிக்கார வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன். இனி டல்லாஸ் போவதா, கான்சாஸின் அந்தக் கோதுமைக் காட்டிலேயே இருப்பதா, நம் ஊருக்கே வந்துவிடுவதா என்று கேட்கிறாய். "அங்க வந்தாலாவது எந்த ஊருன்னு யாரும் கேட்க மாட்டாங்க" என்றாய் பார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேரில் எங்கள் வீட்டுத் தலைகளும் சேர்த்தி. 1971-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். என் தாத்தா பிறந்தது திருவாடானைப் பக்கம். கொழுந்துக் காட்டுக்கு அனுப்பும் முன் அவரை நிறுத்தி வைத்து அம்மை குத்தியது மண்டபம் முகாமில். பேரன் திரும்பி வந்து சோற்றுக்கு வரிசையில் நின்றதும் அதே முகாமில்தான். சித்தப்பா குடும்பம் கூடலூர்ப் பக்கம் மறுபடி தேயிலைக்கே போனது. உன் அப்பத்தா, இனி மலையே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றதால் நாங்கள் இந்தக் கரையில் தங்கினோம்.

அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் நான் சிலோன்காரன். மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்து, இதே தீவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தபோது சிலோன் டாக்டர். இன்றைக்கும் யாராவது வழி கேட்டால் மருந்துக்கடைப் பையன் "சிலோன் டாக்டர் வீடா?" என்றுதான் கை காட்டுகிறான். அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே கப்பல் நின்றுவிட்டது. நீ இங்கே வந்தால் அமெரிக்கா டாக்டரம்மா. அதிலிருந்து தப்ப வழியே இல்லை, தாயி.

நான் சேர்ந்த காலத்தில் தீவுக்குச் சாலை கிடையாது. 1988 அக்டோபரில்தான் சாலைப் பாலம் திறந்தார்கள். அதுவரை பிரசவத்தில் சிக்கல் என்றால் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். காற்று கூடினால் ரயிலும் நின்றுவிடும். கடைசி வண்டி போன பிறகு வலி எடுத்த பெண்களின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மதுரையில் நான் படித்த பாடத்தில் கடலே இல்லை. கெளுத்தி முள் குத்திய ஒருவன் வலியில் துடித்துக்கொண்டு வந்தான். நான் ஊசியைத் தேடிக்கொண்டிருக்க, கூட வந்த கிழவர், "வெந்நி வைங்க சார், மொதல்ல வெந்நி" என்றார். அந்த விஷம் புரதம், சூட்டில் கெட்டுவிடும். தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவு, காலை முக்கி வைத்தால் வலி இறங்கும். திருக்கை முள்ளுக்கும் அதேதான். புத்தகத்தில் பிறகு பார்த்து உறுதி செய்துகொண்டேன். கடல் பாம்பு வேறு கதை. கடித்த இடம்கூடச் சரியாகத் தெரியாது. அப்புறம் உடம்பு இறுகும், சிறுநீர் கறுத்து வரும். நம் விஷமுறிவு மருந்து நான்கு தரைப் பாம்புகளுக்கானது, இதற்கு உதவாது. வலை இழுத்தவன் "உடம்பு வலிக்குது சார்" என்று வந்தால் முதலில் சிறுநீர் நிறத்தைக் கேட்கப் பழகினேன். சங்கு குளிக்கிறவன் வந்தால் காதைப் பார்க்காமல் விடுவதில்லை.

சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்களிடம்தான் அதிகம் தோற்றேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறைக்குள் மூழ்கிப் பாசி பறிப்பார்கள். கையெல்லாம் வெட்டு, ஓயாத நீர்க்கடுப்பு. நிறையத் தண்ணீர் குடி என்றேன் ஒருத்தியிடம். "விடிஞ்சா தண்ணிக்குள்ளதான் கெடக்கேன், என்னையப் போயி தண்ணி குடின்னு சொல்றீகளே சார்" என்றாள். கடலில் ஒதுங்க இடம் ஏது, அதனால் குடிப்பதே இல்லை என்று மெதுவாகத்தான் வெளியே வந்தது.

பிரஷர் மாத்திரை விஷயமும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு 61 நாள் கரையில் நிற்கும், வீட்டில் காசு இருக்காது, மாத்திரையும் நிற்கும். வீட்டில் கிளினிக் போட்ட பிறகு, அந்த நாட்களில் என் மேஜையில் ஸ்டெதாஸ்கோப்பை விடக் கடன் நோட்டுக்குத்தான் அதிக வேலை. உன் அம்மாவுக்கு இதில் வருத்தம் உண்டு, நியாயமும் உண்டு.

1990-ல் படகு படகாக அகதிகள் வந்தபோது "உங்க ஆளுக சார்" என்று ராத்திரியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தவர்கள் மன்னாரும் யாழ்ப்பாணமும். நான் மலைநாடு. பேச்சே வேறு. ஆனாலும் அக்கரையில் பிறந்தவன் என்ற ஒன்று போதுமாக இருந்தது, அவர்களுக்கும் சரி, கூப்பிட வந்தவர்களுக்கும் சரி. போனேன்.

இதை எல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. ஊருக்குக் கடன் பட்டிருக்கிறேன் என்று நினைத்து மட்டும் வராதே. சேவை செய்ய வேண்டும் என்று வந்த இளம் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல பிள்ளைகள். ஊர் நன்றி காட்டவில்லை என்றதும் முகம் வாடிக் கிளம்பிவிட்டார்கள். நான் இருந்தது நன்றிக்காகவும் இல்லை, கடனுக்காகவும் இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அடுத்து யார் என்ன கொண்டு வருவார்கள் என்று பார்க்கும் ஆசை இன்னும் போகவில்லை.

விதைப்புக்கு முன் அம்மோனியா உரம் தெறித்த கண்ணோடு வருகிறார்கள், கண் கழுவ ஒரு கேன் தண்ணீர்கூட எவனும் டிராக்டரில் வைப்பதில்லை என்று போன முறை அரை மணி நேரம் திட்டினாயே, தானியக் கிடங்குக்குள் இறங்குகிறவர்களைப் பற்றியும் சொன்னாய். அந்தக் கோபம் எனக்குப் பழக்கமானது. எந்த மாதம் எந்தக் காயம் வரும் என்று நீ தெரிந்து வைத்திருக்கிறாய். டல்லாஸில் அது எதற்கும் பயன்படாது. என்னைக் கேட்டால் இன்னும் சில வருஷம் அங்கேயே இரு என்பேன். ஆனால் அந்தக் குளிரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடப் போவது நானில்லை.

டல்லாஸில் சம்பளம் எவ்வளவு கூட என்பதையும் எழுது. படிப்புக் கடன் மிச்சம் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
அப்பா