சீட்டில் ‘பெண்’ என்று எழுதினால் போதுமா?

பல் மருத்துவப் பாடத்திட்டம் வகுப்போருக்கும், பல்செட்டுக்கான பற்களின் அளவு அட்டவணைகளைத் தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

அண்மையில் எனக்கு மேல்வாயில் பல்செட் பொருத்தினார்கள். பொருத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கைவேலையில் குறை சொல்ல மாட்டேன். ஈறில் உறுத்தவில்லை, பேசும்போது கழன்று விழவில்லை. ஆனால் அதிலிருக்கும் பற்கள் என் வாய்க்கு உரியவை அல்ல. உங்கள் அட்டவணையில் மட்டுமே வாழ்கிற ஏதோ ஒரு பெண்மணிக்கு உரியவை.

பல்செட் செய்யும் ஆய்வகத்துக்குப் போன சீட்டை நான் பார்த்தேன். பெயர், வயது, பல்லின் நிறத்துக்கான எண், ‘பெண்’. அவ்வளவுதான். என் பற்கள் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை யாரும் எழுதவில்லை, ஏனென்றால் யாரும் அளக்கவில்லை. ஈறு நோயால் ஆடிப்போன கடைசி ஆறு முன்பற்களைப் பிடுங்கும் வரை அவை என் வாயில்தான் இருந்தன. பிடுங்குமுன் ஒருமுறை அளவெடுத்து வைத்திருக்கலாம். மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்த்த அன்றே, “இவை சிறியவை” என்று சொன்னேன். “பெண்களுக்கு இந்த அளவுதான் அம்மா. மென்மையாகத் தெரிகிறது, பாருங்கள்” என்று பதில் வந்தது.

பார்த்தேன். இப்போதும் தினமும் பார்க்கிறேன். சிரித்தால் கோரைப்பல் வாயின் ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். எனக்கோ அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் அடுத்த பல் எட்டிப் பார்க்கிறது. முன்பற்கள் அகலத்தில் மட்டுமல்ல, நீளத்திலும் குட்டை. ‘வ’ சொல்லும்போது மேற்பல்லின் விளிம்பு கீழுதட்டைத் தொட வேண்டுமல்லவா? என் பல் அங்கே எட்டுவதில்லை. ‘வா’ என்று கூப்பிட்டால் ‘ஃபா’ என்று காற்றுதான் வருகிறது. நாள் முழுவதும் ‘வ’ இல்லாமல் பேசிப் பாருங்கள், ஐயா. வேண்டாம், வேண்டும், வருகிறேன், வலிக்கிறது எதையும் சொல்ல முடியாது. என்னைப் பல காலமாக அறிந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏதோ மாறியிருக்கிறது” என்கிறார்கள். எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும்.

ஆண் பல்லுக்கும் பெண் பல்லுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சராசரியில் ஆண்களின் பற்கள் சற்றுப் பெரியவைதான். அந்த வித்தியாசம் கோரைப்பற்களில், குறிப்பாகக் கீழ்த்தாடைக் கோரைப்பல்லில், மற்றப் பற்களைவிடக் கூடுதலாகத் தெரியும். எக்ஸ் குரோமோசோம் பெரும்பாலும் பல்லின் மேலுறையான எனாமலையும், ஒய் குரோமோசோம் எனாமலோடு அதனுள்ளிருக்கும் டென்டினையும் வளரத் தூண்டுகின்றன என்று பின்லாந்து ஆய்வாளர் லஸ்ஸி அல்வெசாலோ காட்டியிருக்கிறார். எல்லாம் உண்மை. ஆனால் அதிகம் வேறுபடும் அந்தக் கோரைப்பல்லிலேயே இரு சராசரிகளுக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி. மேல் நடு வெட்டுப்பல்லுக்கு உங்கள் பாடநூல்கள் 8.5 மி.மீ. அகலம் என்று போடுகின்றன. நேரில் பார்த்தால் ஒருவருக்கு 7, இன்னொருவருக்கு 10 என்று இருக்கிறது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இத்தனை தூரம் இருக்கும்போது, அரை மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு என் வாய்க்குத் தீர்ப்பு எழுதினால் எப்படி? கண்ணாடி கொடுப்பவர் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டுப் பவர் எழுதுவதில்லை.

அதனால் கேட்கிறேன்: பாலினத்தை எழுதுங்கள், ஆனால் அதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லை அளந்து எழுதுங்கள்.

‘மென்மை’ எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். 1950-களில் அமெரிக்காவில் ஃப்ரஷ், ஃபிஷர் என்ற இரு பல் மருத்துவர்கள், பாலினம், ஆளுமை, வயது ஆகிய மூன்றையும் பார்த்துப் பல் அடுக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தார்கள். பெண்ணுக்கு வளைந்த ஓரம், ஆணுக்குச் சதுர முனை. வெறும் பற்களின் படத்தைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டால் பல் மருத்துவர்களே தடுமாறுகிறார்கள் என்று பின்னாளில் சோதித்துக் காட்டிய பிறகும் அந்தக் கொள்கை உங்கள் வகுப்பறைகளை விட்டுப் போகவில்லை. என் வெட்டுப்பற்களின் வெளியே தெரியும் பகுதி தாடைக்குள்ளேயே முழு அளவை எட்டியபோது எனக்கு நான்கைந்து வயது. அந்த வயதில் அவை மென்மையைப் பற்றி யாரிடமும் பாடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பழக்கம் உயிரோடிருப்பவர்களோடு நிற்பதுமில்லை. கீழ்க் கோரைப்பல்லின் அகலத்தை இரு கோரைப்பல் முனைகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுத்து, 0.274-க்கு மேல் வந்தால் ஆண், கீழே வந்தால் பெண் என்று, இறந்தவரின் பாலினத்தைப் பல்லிலிருந்து கண்டறிய 1989-இல் ஒரு கணக்கு வந்தது. ஆண்களுக்குப் பல்லும் பெரிது, தாடையும் பெரிது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் இருக்கிற வித்தியாசமும் கரைந்துவிடுகிறது என்று பிறகு வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இத்தாலியின் மொடேனாவில் 2009-இல் கைகோத்தபடி கிடைத்த இரு எலும்புக்கூடுகளை உலகமே காதலன், காதலி என்று கொண்டாடியது. 2019-இல் எனாமலிலுள்ள புரதத்தைச் சோதித்தார்கள், இருவரும் ஆண்கள். பல்லிடம் முறையாகக் கேட்டால் அது சரியாகத்தான் சொல்கிறது. கேட்க உங்களுக்குப் பொறுமை வேண்டும். அந்த இருவராவது பல நூற்றாண்டுகள் காத்திருந்தார்கள். எனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்பவை எளியவை. பல்லைப் பிடுங்குமுன் அளவெடுத்து வையுங்கள். அது தவறிப்போனால் சிரித்த முகத்தோடு உள்ள பழைய புகைப்படத்தைக் கேளுங்கள். படத்தில் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் முன்பல்லின் அகலத்தையும் அளந்து, அந்தக் கண்மணித் தூரத்தை நேரில் அளந்ததோடு ஒப்பிட்டால் பல்லின் உண்மையான அகலம் வந்துவிடும். நேர்விகிதம்தான், பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்கு. படமும் இல்லையென்றால் பிள்ளைகளின், உடன்பிறந்தவர்களின் வாயைப் பாருங்கள். பல்லின் அளவு பெருமளவு குடும்பவழி வருவது. என் மகள் அன்று என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், என் பற்கள் அத்தனையையும் தன் வாயில் வைத்துக்கொண்டு.

இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. உங்கள் நூல்களிலேயே இருக்கின்றன. சீட்டில் ஒரு கட்டமாக வராததால்தான் யாரும் செய்வதில்லை. ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: ‘ஆண்/பெண்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘முன்பற்களின் அகலம், மி.மீ.’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அது நிரப்பப்படாமல் வரும் சீட்டை ஆய்வகம் திருப்பி அனுப்பட்டும். அதைப் பாடத்திலும் சேருங்கள், தேர்விலும் கேளுங்கள்.

இந்தப் பல்செட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை புகைப்படத்தையும் ஸ்கேலையும் நானே கொண்டுபோகிறேன். எழுதிக்கொள்ள ஓர் இடம் மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
பெரிய பற்களோடு பிறந்த ஒரு பெண்