தொடக்க எண் ஏன் 2147483646-உடன் நிற்கிறது?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வினாக்களின் வரிசையைக் கலைத்துத் தரும் எங்கள் மென்பொருளில் ‘தொடக்க எண்’ கேட்கும் கட்டம் 0-ஐயும், 2147483646-க்கு மேற்பட்ட எண்களையும் ஏற்க மறுப்பதைப் பிழையெனக் கருதி உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். அது பிழையன்று. அந்த எல்லைக்கு அடுத்து நிற்கும் 2147483647 ஒரு பகா எண். மென்பொருள் முழுவதும் அதை நம்பியே இயங்குவதால், சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறோம்.

மென்பொருள் நீங்கள் தரும் தொடக்க எண்ணில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, வரும் மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்கிறது; இப்படி வரும் எண்களைக் கொண்டே வினாக்களைக் கலைக்கிறது. 0-இல் தொடங்கினால் என்றும் 0-தான் வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் நேர்வதைச் சிறிய எண்களில் காணலாம். 3-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்து மீதியை எடுத்துச் சென்றால் 1, 3, 9, 12, 6 என்று போய் மறுபடி 3-க்கே வந்து சுழலும். 5-இல் தொடங்கினாலோ அடுத்த படியிலேயே 0-இல் விழுந்துவிடும். 15-ஐ எடுத்துவிட்டு 7-ஐ வைத்தால் 1, 3, 2, 6, 4, 5 என ஆறு எண்களும் வந்த பிறகே 1 திரும்பும்.

ஆயினும் பெருக்கும் எண்ணும் பொருந்தி வர வேண்டும். 7-உடன் 2-ஐச் சேர்த்தால் 1, 2, 4 என்று மூன்றே படிகளில் சுற்று முடிந்துவிடும். 7-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 16807 பொருத்தமானதா என்றறிய இருநூற்றுப் பதினான்கு கோடிப் படிகளையும் கடந்து பார்க்க வேண்டியதில்லை. சுற்றின் நீளம் 2147483646-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணாகவே இருக்க முடியும் என்பதாலும், அதன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஏழு மட்டுமே என்பதாலும், ஏழே சோதனைகளில் விடை கிடைத்துவிடுகிறது. 16807 அனைத்திலும் தேறுகிறது. 1988-இல் கணிப்பொறி அறிஞர்களான பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்ததும் 16807, 2147483647 என்ற இதே இணையைத்தான்.

31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவது 2147483647 என்ற இந்த எண். இது பகா எண்ணே என்று 1772-இல் உறுதிசெய்தவர், அப்போது பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்த கணித அறிஞர் ஆய்லர். இதை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தர வேண்டும் என்று அவர் கண்டதால், 46340 வரையுள்ள நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கைச் சோதிப்பதே போதுமானதாயிற்று. கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்யப்பட்ட அந்த வேலையை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். தொடக்க எண் தெரிந்தவர் முழு வரிசையையும் அப்படியே பெற்றுவிடலாம். தெரியாதவரும் இருநூற்றுப் பதினான்கு கோடி எண்களையும் கணிப்பொறியில் முயன்று பார்த்துவிட முடியும். ஆகவே கடவுச்சொல் உருவாக்க இம்மென்பொருளைப் பயன்படுத்த வேண்டாம். தேர்வு முடியும்வரை தொடக்க எண்ணை யாருக்கும் வெளியிடாமல், பின்னர் சரிபார்ப்பதற்காகக் குறித்து வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புக் குழுவினர்