சாட்சி வந்த நாளில் வாய்தா எதற்கு? நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நீதித்துறை நடுவர்களுக்கும் அமர்வு நீதிபதிகளுக்கும் வணக்கம்.

ஒரு நகைப் பறிப்பு வழக்கில் நான் அரசுத் தரப்பு சாட்சி. சம்மன் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கோர்ட் வளாகத்து மரத்தடியில் நிற்பேன். பிற்பகலில் டவாலி கூப்பிடுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறாராம். வாய்தா.

போலீசில் சொன்னதை வைத்தே வழக்கை முடிக்கக் கூடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். முடியாது. அந்த வாக்குமூலத்தில் என் கையெழுத்தே கிடையாது. வாங்கக் கூடாது என்பது சட்டம். கூண்டில் நான் மாற்றிப் பேசினால் என்னை மடக்க அது உதவும், அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துச் சொல்லி, குறுக்கு விசாரணையிலும் நின்றால்தான் அது சாட்சியம். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. என் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இளைஞன் நிரபராதியாகவும் இருக்கலாம். எந்தக் கோர்ட்டானாலும் யாரோ ஒருவர் கண்டதைச் சொல்லியாக வேண்டும்.

சாட்சி வந்திருக்கும்போது, எழுத்தில் பதிவு செய்த சிறப்புக் காரணம் இல்லாமல் விசாரணையைத் தள்ளிவைக்கக் கூடாது. வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருப்பது காரணமே ஆகாது. இது என் ஆசை அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 346. வாய்தா கேட்பவரைச் செலவுத்தொகை கட்டச் சொல்லவும் அதில் இடம் உண்டு. அப்படிக் கட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சாட்சி அலுத்துப்போய் விலகும்வரை வழக்கு தள்ளிவைக்கப்படுவதை 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், சுவரண் சிங் வழக்கில், கண்டித்திருக்கிறது.

போலீசில் சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொல்பவர் பிறழ் சாட்சி. அப்படி என்றதும் பணம், மிரட்டல் என்கிறார்கள். அவையும் உண்டுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவனுக்கு, ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தப்பித்தால் போதும் என்றாகிவிடுகிறது. சாட்சி வந்துபோகும் செலவுக்கான படியும் சட்டத்தில் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்த தேதிக்கும் நான் வருவேன். அன்று யாராவது வாய்தா கேட்டால், நீங்கள் பதிவு செய்யும் காரணத்தை என் காதில் விழும்படி தமிழில் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுத் தரப்பு சாட்சி