ஆண்டறிக்கை: மலைமேல் வானாய்வகம் பாழான கதை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம், எவ்வளவு வரவு என்று வாசிப்பதுதான் வழக்கம், அதைப் பொருளாளர் என்னைவிட நன்றாக வாசிப்பார். டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை ஆடுகிற நாம் ஞாயிறுதோறும் நாகர்கோவிலில் அதே மாடியறையில் கூடினோம், வாடகை பாக்கி இல்லை, இருபது முக டைஸ் மட்டும் மறுபடியும் காணவில்லை, எடுத்தவர்கள் சத்தம் காட்டாமல் பெட்டியில் போட்டுவிடலாம். சரி, இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். நம் கற்பனை உலகத்தில், தெற்குமலை உச்சியில் கிடக்கும் வானாய்வகத்துக்கு ஒரு வரலாறு எழுதி முடித்திருக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த இடிந்த வட்டக் கட்டடம் நம் வரைபடத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்த முதல் மேப்பிலேயே உண்டு. யார் கட்டியது, ஏன் பாழானது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு குழு விளையாட்டின் நடுவே அங்கே ஏறிப்போய் "இது என்ன இடம்?" என்று கேட்டது, கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் பேந்தப் பேந்த விழித்தார்.

உடனே தக்கலைத் தம்பிகள் சொன்ன பதில் டிராகன். எனக்கு டிராகன்மேல் பகை ஒன்றும் இல்லை, ஆனால் நம் உலகத்தில் பாலம், கோவில், சத்திரம் என்று இடிந்துகிடப்பதை எல்லாம் ஏற்கெனவே டிராகன்தான் இடித்திருக்கிறது. அப்போது நம் பூகோள சார், பணி ஓய்வுக்குப் பிறகு மந்திரவாதி வேடத்தில் ஆடுகிறவர், "நிஜமான வானாய்வகம் எல்லாம் எப்படி அழிஞ்சுதுன்னு முதல்ல பாருங்க மக்கா" என்றார். பார்த்தோம். அங்கே மாட்டிக்கொண்டோம், ஐப்பசி வரை வெளியே வரவில்லை.

சமர்கண்டில் உலுக் பெக் என்ற அரசர் 1420களில் ஒன்று கட்டினார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டார், 1449இல் பெற்ற மகனே ஆளனுப்பிக் கொன்றான், கட்டடமும் போயிற்று, இடம் எது என்றே தெரியாமல் கிடந்து 1908இல்தான் தோண்டி எடுத்தார்கள். இஸ்தான்புல்லில் தகியுத்தீன் 1577இல் தொடங்கியதை 1580இல் சுல்தான் மூன்றாம் முராதே இடிக்கச் சொல்லிவிட்டார். அப்போது டென்மார்க்கிடம் இருந்த ஹ்வென் தீவில் டைகோ பிராகி என்ற வானியலாளருக்கு ஒரு ராஜா தீவையே கொடுத்துப் பணமும் கொடுத்தார், அந்த ராஜா இறந்தார், அடுத்து வந்த ராஜா பணத்தை வெட்டினார், 1597இல் டைகோ கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் 1601இல் இறந்தபின் கட்டடத்தையும் பிரித்துவிட்டார்கள். எங்கேயும் டிராகன் இல்லை. ஆதரித்தவர் செத்தார் அல்லது மனசு மாறினார், படிப்பணம் நின்றது, அவ்வளவுதான். நம் வானாய்வகமும் அப்படித்தான் பாழாக வேண்டும் என்று நான் வாதாடினேன், இன்றும் அதே கட்சிதான்.

நமக்குப் பக்கத்துக் கதையும் இருக்கிறது, அதை விட்டால் சார் என்னை விடமாட்டார். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம். ஆலப்புழையில் அரசாங்கத்தின் வணிக முகவராக இருந்த கால்டிகாட்டின் பேச்சைக் கேட்டு சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைத்தார், கால்டிகாட் கருவி வாங்க இங்கிலாந்துக்கே போய் வந்தார். அவருக்குப் பின் வந்த புரூன், காந்தமும் வானிலையும் அளப்பதற்காக 1855இல் அகத்தியமலைமேல் இன்னொரு நிலையம் போட்டார். ஆறாயிரம் அடிக்கு மேலே, யானை நடமாடும் காட்டு வழியாக எல்லாவற்றையும் ஆள் சுமந்துதான் போகவேண்டும்.

இந்த ஆண்டின் மிக நல்ல ஆட்டம் இதிலிருந்துதான் பிறந்தது. பித்தளைக் கருவியை மலைமேல் கொண்டுபோகிற அத்தியாயத்தில் யாரும் வாளைத் தொடவில்லை, எல்லோரும் சுமைகாரர்கள். அட்டைப்பூச்சிக்கு ஒரு டைஸ், யானைக்கு ஒரு டைஸ், கூலி பாக்கிக்கு ஒரு டைஸ். பாதி மலையில் இரவோடு இரவாக மூன்று சுமைகாரர்கள் ஓடிப்போனார்கள், கண்ணாடிப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல் நின்ற பாத்திரத்தை ஆடியது எட்டாம் வகுப்புப் பெண். அவளுக்குத்தான் இந்த ஆண்டின் பரிசு, அப்புறம் கொடுப்போம்.

வானத்திலும் சண்டை வந்தது. விதிப்புத்தகப்படி மந்திரவாதி வடதுருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்வார். சார் ஒத்துக்கொள்ளவில்லை. நாகர்கோவில் எட்டு டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அந்த எட்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கும், ஒரு தென்னை போதும் மறைக்க. அதனால் நம் மலைக்காரர்கள் தெற்கே பார்க்கிறவர்கள், அவர்கள் ஏட்டில் முதல் பெயர் தென்வானத்தில் ஒளிரும் அகத்திய நட்சத்திரம். வருஷத்தில் இருமுறை, ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், நட்டுவைத்த கம்புக்கு நண்பகலில் நிழல் விழாது, அந்த இரண்டு நாளும் மலையில் திருவிழா. மழைக்கும் விதி உண்டு: கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் மழை என்று இரண்டு பருவமும் வாங்குகிற ஊர்க்காரர்கள் எழுதிய விதி, எனவே பாதி இரவுகளில் மேகம்தான் தெரியும். குறை சொன்னவர்கள் வெளியூர்க்காரர்கள்.

சென்னையிலிருந்து இரண்டு விஷயம் எடுத்தோம். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் கருங்கல் தூணில், ஆசியாவில் கணித அறிவியலை முதலில் ஊன்றியதே ஆங்கிலேயரின் தாராளம்தான் என்கிற பெருமையை 1792இல் வெட்டிவைத்தார்கள், தமிழிலும் தெலுங்கிலும்கூட. நம் ராஜாவும் அப்படி ஒரு தூண் நட்டிருக்கிறார், அடியில் பின்னாளில் யாரோ கரியால் எழுதிய பதிலை வந்து படித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தவர், 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது ஊர்மக்கள் படிக்கச் சிறு நூலும் எழுதினார். அவரை நினைத்து உருவாக்கியவள்தான் நம் கடைசிக் கணக்குக்காரி: ராஜா செத்து, சம்பளம் நின்று, மற்றவர்கள் இறங்கிப்போன பிறகும் ஏட்டை எழுதிக்கொண்டிருந்தவள். அந்த ஏடு இப்போது மண்ணுக்குள் கிடக்கிறது, சமர்கண்டில் மிஞ்சிய மாதிரி பூமிக்குள் இறங்கும் கல் வளைவின் அடியில், பக்கத்தில் படிக்கட்டு, கல்லில் அளவுக்கோடு. தை மாதம் முதல் அங்கே இறங்கலாம்.

தம்பிகளுக்காக ஒரு சமரசம் செய்திருக்கிறோம். கட்டடம் காலியாகி நூறு வருஷம் கழித்து ஒரு டிராகன் குடியேறுகிறது, வாடகை தராது, எதையும் இடிக்காது. அதை மேப்பில் போடலாமா வேண்டாமா என்று இன்று கை தூக்கிச் சொல்லிவிடுங்கள். சந்தா தராதவர்களுக்கு ஓட்டு இல்லை, பொருளாளர் வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்